லிஃப்ட் மேலேறும் ஓசை

என்ன வேலை பார்க்கிறேன் என்று யாராவது கேட்டால், சொல்லிப் புரியவைப்பதற்குள் மூச்சு வாங்கிவிடும். சப்டைட்டில் எழுதுகிறேன் என்றால் "ஓ, மொழிபெயர்ப்பா?" என்பார்கள். பாதி சரி. நான் அதிகமும் எழுதுவது காது கேளாதவர்களுக்கான சப்டைட்டில். அதில் பேச்சை மட்டும் எழுதினால் போதாது. காதில் விழுவதையும் எழுத வேண்டும். சதுர அடைப்புக்குள் வரும் [கதவு தட்டும் ஓசை], [தொலைவில் நாய் குரைக்கிறது] எல்லாம் என்னைப் போன்ற யாரோ ஒருவர் இரவு பதினொன்றரை மணிக்கு உட்கார்ந்து தட்டியவை. படத்தில் மழை பெய்யும்போதெல்லாம் மழை என்று போட்டால் பார்ப்பவர் கடுப்பாகிவிடுவார். கதைக்கு வேண்டிய மழைக்கு மட்டும்தான் போட வேண்டும். எந்த மழை வேண்டும், எது வேண்டாம் என்று முடிவு செய்வதற்குத்தான் சம்பளம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலையாக இல்லாமல் சும்மா பார்க்கலாம் என்று ஒரு பிரெஞ்சுப் படத்தைப் போட்டேன். ஆங்கிலத்தில் அதன் பெயர் 'கஸ்டடி', 2017-ல் வந்தது. (நாக சைதன்யா நடித்தது வேறு. அதைத் தேடிப் போய் இதில் மாட்டிக்கொண்டவர்கள் பாவம்.) நடிகராக இருந்த ஸேவியே லெக்ராண் இயக்கிய முதல் முழுநீளப் படம் இது. வெனிஸ் திரைப்பட விழாவில் சிறந்த இயக்குநருக்கான வெள்ளிச் சிங்கம் கிடைத்தது. பிறகு பிரான்ஸின் சேஸார் விருதுகளில் சிறந்த படமாகவும் தேர்வானது. விருது வாங்கிய படங்களைச் சேர்த்துவைத்து, கடைசியில் பார்க்காமலே விட்டுவிடுகிற ஆள் நான். அன்றைக்கு ஏனோ பார்த்தேன்.

அரை மணி நேரம் போயிருக்கும், கை தானாக நோட்டை இழுத்துக்கொண்டது. ஓசைகளைக் குறித்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டேன். தொழில் புத்தி என்றுதான் அப்போது நினைத்தேன்.

இனிமேல் கதையைச் சொல்லப்போகிறேன், முடிவையும் சேர்த்து. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரலாம், நான் இங்கேதான் இருப்பேன்.

படம் ஒரு நீதிபதியின் அறையில் தொடங்குகிறது. பிரிந்துவிட்ட கணவன் மனைவி, இரண்டு வக்கீல்கள். மகள் ஜோஸஃபினுக்குப் பதினெட்டு நெருங்கிவிட்டதால் அவள் விஷயத்தில் நீதிமன்றம் சொல்ல ஒன்றுமில்லை. வழக்கு மகன் ஜூலியனுக்காக. பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பையன். அப்பாவைப் பார்க்க விருப்பமில்லை என்று அவன் சொன்னதை எழுத்தில் வைத்து வாசிக்கிறார்கள். பையன் அந்த அறையில் இல்லை. அவனுடைய வார்த்தைகள் மட்டும் அங்கே இன்னொருவர் குரலில் கேட்கின்றன. அப்பா ஆந்த்வான், கனத்த உடம்புக்காரர், பேச்சு மெதுவாக வருகிறது. பிள்ளைகளைப் பிரிந்து வாடும் மனிதர் மாதிரியே இருக்கிறார். அம்மா மிரியம் முகத்தில் உணர்ச்சியே இல்லை. யார் பொய் சொல்கிறார்கள் என்று நமக்கும் தெரியாது. நானே ஒரு கட்டத்தில் 'இந்தப் பெண்மணி கொஞ்சம் மிகைப்படுத்துகிறாரோ' என்று நினைத்தேன். அப்படி நினைத்ததை இங்கே எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றுகிறது. ஏனென்றால் என் அம்மாவும் வெளியாட்கள் முன்னால் அப்படித்தான் உட்கார்ந்திருப்பாள், மரம் மாதிரி. அழுதிருந்தால் நம்பியிருப்பார்கள்.

ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், சனி ஞாயிறு அப்பாவிடம் என்று தீர்ப்பாகிறது. அதன்பிறகு படம் பெரும்பாலும் ஒரு வண்டிக்குள்தான் நடக்கிறது. அப்பா ஓட்டுகிறார், ஜூலியன் பக்கத்தில். சீட் பெல்ட் போடாததால் வண்டி 'டிங்... டிங்... டிங்...' என்று எச்சரித்துக்கொண்டே இருக்கிறது. இந்தப் படத்தில் பின்னணி இசை கிடையாது. பதற்றத்தைக் கூட்ட வயலின் இல்லை, அதிர வைக்க முரசு இல்லை. அந்த டிங் மட்டும்தான். அப்பா கத்துவதுகூட அவ்வளவு பயமாக இல்லை, கத்தி முடித்த பிறகு கேட்கிற டிங்தான் வயிற்றைக் கலக்குகிறது. பையன் நேரே பார்த்துக்கொண்டிருக்கிறான். தாமஸ் ஜியோரியா என்ற சிறுவன் நடித்திருக்கிறான். அவன் அழுவதற்கு முன்னால் கழுத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறான், ஆமை மாதிரி. அதை ஒருவர் சொல்லிக்கொடுத்து வரவழைக்க முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

என் நோட்டில் நான் எழுதியிருந்தது: [சீட் பெல்ட் எச்சரிக்கை ஒலி தொடர்கிறது]. கீழே, பேனா அழுத்திய தடத்தோடு: 'கேட்'.

எங்கள் வீட்டு கேட் கொண்டியைச் சொல்கிறேன். எனக்குப் பதினான்கு, தம்பிக்குப் பன்னிரண்டு. மாலை ஆறே முக்காலிலிருந்து ஏழேகால் வரை நான் எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் அதில் ஒரு வரியும் படித்ததில்லை. காது வாசலில் இருக்கும். கொண்டியைத் தூக்கி மெதுவாக வைத்தால் ஒரு ஓசை, விட்டால் இன்னொன்று. வண்டியை ஸ்டாண்டில் ஏற்றும்போது ஒரே தள்ளலில் ஏறிவிட்டால் நல்லது. இரண்டாவது முறை தள்ள வேண்டிவந்தால் நல்லதில்லை. செருப்பைக் கழற்றுகிறாரா, உதறுகிறாரா. கடைசியாகச் சாவி. மேசைமேல் வைத்தாரா, எறிந்தாரா. இவ்வளவும் சேர்ந்து இருபது நொடி ஆகும். அந்த இருபது நொடிக்குள் அன்றைக்கு ராத்திரி எப்படி இருக்கும் என்று நான் அம்மாவுக்குச் சொல்லிவிடுவேன். வாயால் சொல்வதில்லை. சமையலறை வாசலில் வந்து நின்றால் ஒன்று, நேரே போய்த் தம்பியைக் கூட்டிக்கொண்டு உள்ளறைக்குப் போனால் ஒன்று.

தம்பி நேர் எதிர். நான் டிவி சத்தத்தைக் குறைப்பேன், அவன் கூட்டுவான். எனக்குக் கேட்டாக வேண்டும், அவனுக்குக் கேட்கவே கூடாது. ரிமோட்டுக்காக நாங்கள் போட்ட சண்டையைப் பார்த்து, அக்கா தம்பி என்றால் இப்படித்தான் என்று உறவினர்கள் சிரிப்பார்கள்.

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சேத் பொல்லாக் என்பவர் நடத்திய ஓர் ஆய்வு 2002-ல் வெளிவந்தது. கலங்கலாக இருக்கும் ஒரு முகப்படம் திரையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிவாகும், அதில் இருப்பது என்ன உணர்ச்சி என்று குழந்தைகள் சொல்ல வேண்டும். வீட்டில் அடி வாங்கிய பிள்ளைகள் கோபத்தை மற்றப் பிள்ளைகளுக்கு முன்பே, படம் பாதி கலங்கலாக இருக்கும்போதே கண்டுபிடித்தார்கள். முதல்முறை இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது என்றால் சிரிப்பீர்கள். திறமைதானே. 2011-ல் லண்டனில் ஈமன் மெக்ரோரி குழுவினர் இத்தகைய பிள்ளைகளுக்குக் கோபமான முகங்களைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்தார்கள். போருக்குப் போய்வந்த சிப்பாய்களிடம் எந்தப் பகுதிகள் கூடுதலாக வேலை செய்வதைப் பார்த்தார்களோ, அதே பகுதிகள் இங்கேயும் கூடுதலாக வேலை செய்தன. அந்தப் பிள்ளைகளில் யாருக்கும் மனநோய் என்று எதுவும் கண்டறியப்பட்டிருக்கவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாரும் நன்றாகத்தான் இருந்தார்கள்.

நானும் நன்றாகத்தான் இருந்தேன். சொல்லப்போனால் ரொம்ப நன்றாக. வகுப்பில் முதல் மூன்று ரேங்க். ஒருநாள் மேசைமேல் தலைவைத்துத் தூங்கிவிட்டேன். மிஸ் எழுப்பி என்னம்மா என்று கேட்டார். "ராத்திரி ரொம்ப நேரம் படிச்சிட்டிருந்தேன் மிஸ்" என்றேன். வகுப்பு முழுவதும் கேட்க என்னைப் பாராட்டினார். பொறுப்பான பிள்ளை. வயதுக்கு மீறிய பக்குவம். நான் எது சொன்னாலும் நம்பும்படி என் மார்க் ஷீட் இருந்தது.

குடும்ப வன்முறையைக் காட்டும் படங்களில் எனக்கு நெடுநாளாக உள்ள மனக்குறை இது. அந்த வீட்டுப் பிள்ளை என்றால் சிகரெட் பிடிக்க வேண்டும், கண்ணாடியை உடைக்க வேண்டும், வீட்டைவிட்டு ஓட வேண்டும். ஓடுகிற பிள்ளைகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் சொன்னதற்கு முன்பே செய்கிற பிள்ளையை, குரலே உயர்த்தாத பிள்ளையை, யார் முகம் சுண்டினாலும் முதலில் கவனித்துத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டுகிற பிள்ளையைத் திரையில் காட்டினால் பார்ப்பவர்கள் 'நல்ல பொண்ணு' என்று அடுத்த காட்சிக்குப் போய்விடுவார்கள். காமிராவும் போய்விடுகிறது.

அப்படிப் போகாத ஒரு படத்தை வருடங்களுக்கு முன்னால் பார்த்திருக்கிறேன். 'ஒன்ஸ் வேர் வாரியர்ஸ்', நியூசிலாந்துப் படம், 1994. ஆலன் டஃப் எழுதிய நாவலை லீ தமஹோரி படமாக்கினார். ஆக்லாந்தில் வாழும் ஒரு மாவோரிப் பூர்வகுடிக் குடும்பம். கணவன் ஜேக், மனைவி பெத், ஐந்து பிள்ளைகள். முதல் காட்சியில் மலையும் நீருமாக அழகான நிலப்பரப்பு. காமிரா விலகும்போதுதான் தெரிகிறது, அது பெருஞ்சாலை ஓரத்து விளம்பரப் பலகை.

எல்லாருக்கும் அந்தப் படத்தில் நினைவிருப்பது ஜேக் பெத்தை அடிக்கும் காட்சி. வீட்டில் நண்பர்களோடு குடி, பாட்டு. ஒரு நண்பனுக்கு முட்டை பொரித்துக் கொடுக்கச் சொல்கிறான், அவள் மறுக்கிறாள். பிறகு நடப்பதைக் கண்ணைத் திறந்து பார்ப்பது கஷ்டம். எனக்கு நினைவிருப்பது மாடி அறை. பதின்மூன்று வயது கிரேஸ் சின்னதுகளை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். காலையில் அவள்தான் வீட்டைச் சுத்தம் செய்கிறாள். உடைந்தவை, சிந்தியவை எல்லாவற்றையும். அதைப் பார்த்தபோது, எங்கள் வீட்டில் விளக்குமாறு எந்த மூலையில் இருக்கும் என்பது உள்ளங்கையில் ஞாபகம் வந்தது. கண்ணாடிச் சில்லைப் பெருக்கினால் போதாது, ஈரத்துணியால் ஒருமுறை ஒற்றி எடுக்க வேண்டும். பதினான்கு வயதில் எனக்கு அது தெரியும்.

அதே காலையில் கிரேஸின் சகோதரன் பூகிக்கு நீதிமன்றத்தில் விசாரணை, ஏதோ சில்லறைக் குற்ற வழக்கு. அம்மா வர வேண்டும். அம்மாவின் முகம் வெளியே காட்டுகிற மாதிரி இல்லை. எனவே கிரேஸ்தான் கூடப் போகிறாள். பெற்றோர் வரவில்லை என்பதால், கவனிக்க ஆளில்லாத பையன் என்று முடிவுசெய்து அவனை அரசு விடுதிக்கு அனுப்பிவிடுகிறார்கள். அடித்தவன் வீட்டில் தூங்குகிறான், தண்டனை பையனுக்குப் போகிறது. எப்பேர்ப்பட்ட கண்ணி பாருங்கள். யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் சட்டத்தை மீறவில்லை, ஒரு முகத்தின் வீக்கம் மட்டும் அந்த அறைக்குள் வரவில்லை.

மூத்தவன் நிக் ஒரு கும்பலில் போய்ச் சேர்கிறான். சேர்வதற்கு அவர்களிடம் அடி வாங்க வேண்டும், அதுதான் சடங்கு. வீட்டு அடிக்குத் தப்பி அடிவாங்கப் போகிறானே என்று நினைக்கலாம். ஆனால் அங்கே கிடைக்கும் அடிக்கு ஆரம்பம் உண்டு, முடிவு உண்டு, முடிந்ததும் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். வீட்டில் அப்படி எந்த ஒழுங்கும் இல்லை. பூகி விடுதியில் தன் இனத்தின் போர்க்கலையைக் கற்று நிமிர்கிறான். கிரேஸ் ஒரு நோட்டில் கதை எழுதுகிறாள். இவர்கள் மூவரில் கிரேஸ்தான் யாருக்கும் தொந்தரவு கொடுக்காதவள், அவளைத்தான் படம் இழக்கிறது. அப்பாவின் நண்பன் ஒருவன், பிள்ளைகள் மாமா என்று கூப்பிடுகிறவன், இரவில் அவளைச் சிதைக்கிறான். பிறகு ஒருநாள் அவனுக்கு முத்தம் கொடுக்கச் சொல்கிறார் அப்பா. மறுக்கிறாள். அப்பா அவளுடைய நோட்டை இரண்டாகக் கிழிக்கிறார். அதற்குப் பிறகு அவள் இல்லை. நடந்தது என்ன என்று அந்த நோட்டைப் படித்துத்தான் அம்மா தெரிந்துகொள்கிறாள்.

கடைசியில் ஜேக் அந்த நண்பனை அடித்து நொறுக்குகிறான். அந்த இடத்தில் பார்ப்பவர் மனசுக்குள் ஒரு 'அப்படிப் போடு' எழுகிறது. எனக்கும் எழுந்தது. எழுந்ததே என்று பிறகு எரிச்சலாக இருந்தது. அதே கைதானே. இத்தனை நேரம் எதைப் பார்த்துப் பயந்தோமோ, அதையே கடைசியில் நமக்குப் பரிசாகக் கொடுத்துவிடுகிறது படம்.

'கஸ்டடி' அந்தப் பரிசைக் கொடுப்பதில்லை. ஆனால் அதன்மேலும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் ஜூலியன் சொல்லும் பொய்கள். அம்மாவுக்கு மொபைல் இல்லை என்கிறான். புது வீடு எங்கே என்று அப்பா நெருக்கும்போது, வேறொரு குடியிருப்புக்குக் கூட்டிப்போய் இறங்கி ஓடுகிறான். பையனுக்குப் பொய் சொல்ல வரவில்லை, அதுதான் கொடுமை. ஒவ்வொரு பொய்யிலும் அப்பாவின் முகத்தைப் பார்த்துப் பார்த்து அடுத்த வார்த்தையை எடுக்கிறான். கடைசியில் மாட்டிக்கொண்டு, வாசல்வரை அவனே கூட்டிவர வேண்டியதாகிறது. பாதுகாக்கவும் அவன், காட்டிக்கொடுக்கவும் அவன். ஒரு பையனை இரண்டுக்கும் பயன்படுத்திக்கொள்கிறார்கள். வீட்டுக்குள் வந்த ஆந்த்வான் மிரியமைக் கட்டிக்கொண்டு அழுகிறார், மாறிவிட்டேன் என்கிறார். அழுகிற அப்பா எப்படிப்பட்ட ஆபத்து என்று அந்தக் காட்சியில் மிரியமின் கைகளைப் பார்த்தால் புரியும்.

ஜோஸஃபினுக்குப் படம் அதிக நேரம் ஒதுக்கவில்லை. பலருக்கு அது குறையாகப் படலாம். எனக்கு அந்தப் பெண்ணின் இரண்டு காட்சிகள் போதுமானதாக இருந்தன. ஒன்று, பள்ளிக் கழிப்பறை. கதவின் கீழ் இடைவெளியில் கால்கள் மட்டும் தெரிகின்றன. கர்ப்பமா என்று சோதித்துப் பார்க்கிறாள். முகத்தைக் காட்டவில்லை, வசனம் இல்லை. மற்றது பிறந்தநாள் விருந்து. பதினெட்டு வயது, மேடையில் மைக்கைப் பிடித்து 'ப்ரௌட் மேரி' பாடுகிறாள். கூட்டம் ஆடுகிறது. கீழே அம்மாவின் முகம் மாறுகிறது, மொபைலைப் பார்க்கிறாள், ஒருவரை ஒருவர் தேடுகிறார்கள். வெளியே அவர் வந்திருக்கிறார். என்ன பேசுகிறார்கள் என்று இசையின் இரைச்சலில் நமக்கும் கேட்கவில்லை. ஜோஸஃபின் எல்லாவற்றையும் மேடையிலிருந்து பார்க்கிறாள். பாட்டை நிறுத்தவில்லை. கண்கள் அலைகின்றன, குரல் சுருதியில் இருக்கிறது.

தொழில்காரியாகச் சொல்கிறேன்: அந்தக் காட்சிக்குச் சப்டைட்டில் போட்டால் பாட்டு வரிகள் மட்டும்தான் வரும்.

நான் பத்தாம் வகுப்பு ஆண்டு விழாவில் வரவேற்புரை வாசித்தபோது மூன்றாவது வரிசையில் அம்மாவின் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. அவர் வந்து உட்காராமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே கணீரென்று வாசித்து முடித்தேன். கைதட்டினார்கள். உச்சரிப்புக்காக ஒரு டம்ளர் பரிசு.

லெக்ராண் இதே குடும்பத்தை வைத்து அதற்கு முன்பே ஒரு குறும்படம் எடுத்திருக்கிறார், 2013-ல். அதே மிரியம், அதே ஆந்த்வான், நடிகர்களும் அவர்களே: லெயா ட்ரூக்கேர், டெனி மெனோஷே. அரை மணி நேரப் படம், ஆஸ்கர் பரிந்துரைவரை போனது. அந்தக் காலையில் மிரியம் பிள்ளைகளோடு வீட்டைவிட்டுக் கிளம்புகிறாள். பள்ளிக்குப் போகிற மாதிரி பையை மாட்டிக்கொண்டு புறப்படும் பையன், பாலத்துக்கு அடியில் போய்க் காத்திருக்கிறான். ஒரு சூப்பர் மார்க்கெட்டில் வேலை செய்யும் அவள், அங்கிருந்து தப்ப வேண்டும். அவ்வளவுதான் கதை.

இந்தக் குறும்படத்தைப் பார்த்துத்தான் உடைந்தேன், பெரிய படத்தைப் பார்த்து இல்லை. காரணம் ஒரு பை. எங்கள் வீட்டில் கட்டிலுக்கு அடியில் ஒரு நீலநிறப் பை இருந்தது. அதில் அம்மாவின் சான்றிதழ்கள், எங்கள் இருவருக்கும் இரண்டிரண்டு உடுப்பு. ராத்திரி சில நாள் [ஜிப் மெதுவாகத் திறக்கும் ஓசை] கேட்கும். எதையோ வைப்பாள், எதையோ எடுப்பாள். எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரியாது. நானும் என் பங்குக்குத் தயாராக இருந்தேன். தம்பியின் ஷூவை எப்போதும் வாசல் பக்கமே வைப்பேன், அவன் எங்கே கழற்றிப் போட்டிருந்தாலும். ஏழெட்டு மாதம் அப்படி இருந்தது. ஒருநாள் பீரோவைத் திறந்தபோது அந்த உடுப்புகள் மற்ற துணிகளோடு மடித்து அடுக்கியிருந்தன. எனக்குச் சின்னதாகியிருந்தன. பை பரண்மேல் போய்விட்டது. அதைப் பற்றி அம்மாவிடம் இன்றுவரை கேட்டதில்லை. கேட்டால் எந்தப் பை என்பாள்.

இப்போது என் வருத்தம். 'கஸ்டடி'யின் கடைசிப் பகுதி. நள்ளிரவு. வாசல் பஸ்ஸர் அடித்துக்கொண்டே இருக்கிறது. மிரியமும் ஜூலியனும் இருட்டில் படுக்கையில். பஸ்ஸர் நிற்கிறது. அப்பாடா என்று நினைக்கும்போது லிஃப்ட் கிளம்பும் ஓசை. மேலே வருகிறது. ஆந்த்வான் வேட்டைத் துப்பாக்கியோடு வந்திருக்கிறார். கதவைச் சுடுகிறார். எதிர்வீட்டு மூதாட்டி ஒருவர் போலீஸுக்குப் போன் செய்துவிட்டார். அம்மாவும் பையனும் குளியலறையில் பூட்டிக்கொண்டு தொட்டிக்குள் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துப் படுத்துக்கொள்கிறார்கள். போனில் அவசர உதவிப் பெண் அவர்களை விடாமல் பேசிக்கொண்டே இருக்கிறாள். போலீஸ் வந்து அவரைப் பிடித்துவிடுகிறது.

பிரமாதமான காட்சி. எனக்குக் கைகால் சில்லிட்டுவிட்டது. இருந்தாலும், முடிந்ததும் ஏமாற்றப்பட்ட மாதிரி இருந்தது. துப்பாக்கி வந்துவிட்டால் எல்லாருக்கும் புரிந்துவிடுகிறது. நீதிபதிக்குப் புரியும், எதிர்வீட்டுக்குப் புரியும், படம் பார்ப்பவருக்குப் புரியும். மிரியம் சொன்னது உண்மை என்று கதவில் ஓட்டை ஓட்டையாக எழுதியிருக்கிறது. என் வீட்டுக் கதவில் ஓட்டை எதுவும் இல்லை. போலீஸ் வந்ததில்லை. எதிர்வீட்டில் ஒருவர் ஜன்னலைச் சாத்திக்கொள்வார், அந்த ஓசையும் கேட்கும். எங்கள் வீட்டில் எதுவும் உச்சத்துக்குப் போகவில்லை, அதனால் எதுவும் முடியவும் இல்லை. ஏழேகால் மணி தினம் வந்தது, அவ்வளவுதான். அப்படியொரு வீட்டைப் படமாக எடுத்தால் யார் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்று கேட்டால் என்னிடம் பதில் கிடையாது.

அப்பாவுக்கு இப்போது காது மந்தம். எல்லாவற்றையும் இரண்டுமுறை சொல்ல வேண்டியிருக்கிறது. கதையில் எழுதினால் நம்பமாட்டீர்கள், அதனால் கதையாக எழுதவில்லை.

என் மகளுக்குப் பதினைந்து. கோபம் வந்தால் அறைக்குள் போய்க் கதவை அறைந்து சாத்துவாள். முதல்முறை அவள் அப்படிச் சாத்தியபோது, கையிலிருந்த பாத்திரத்தை அப்படியே கீழே வைத்துவிட்டு சுவரோரம் போய் நின்றிருக்கிறேன், நின்றது எனக்கே தெரியாமல். கணவர் அவளைக் கண்டிக்கப் போனார். வேண்டாம் என்று தடுத்தேன். எங்கள் வீட்டில் நானும் தம்பியும் ஒருநாள்கூடக் கதவை அறைந்து சாத்தியதில்லை. கைப்பிடியைத் திருப்பி, சாத்தி, பிறகு மெதுவாக விடுவோம், தாழ் விழும் ஓசைகூடக் கேட்காது. சத்தம் போடும் உரிமை வீட்டில் ஒருவருக்குத்தான். இவள் இப்படிச் சாத்துகிறாள் என்றால் சாத்திய பிறகு என்ன நடக்கும் என்ற கணக்கே இவளிடம் இல்லை. இவளுக்கு மரியாதை கற்றுக்கொடுக்க வேண்டாமா என்று மாமியார் கேட்கிறார். கற்றுக்கொடுக்கலாம். கொஞ்ச நாள் போகட்டும்.

படத்தைப் பற்றித் தம்பிக்குச் சொன்னேன். அவன் எந்நேரமும் ஹெட்போனோடு இருப்பவன், சாப்பிடும்போதும். குடும்பக் கதை எல்லாம் பார்ப்பதில்லை என்று எப்போதும் சொல்வான். இரண்டு வாரம் கழித்து இரவில் போன் செய்தான்.

"அக்கா, அந்தப் படம் பார்த்தேன்."

"முழுசாவா?"

"முழுசா. சவுண்ட் இல்லாம. சப்டைட்டில் போட்டுக்கிட்டு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரிமோட் சண்டையில் கடைசியில் அவனே ஜெயித்துவிட்டான். பிறகு என் பிரச்சினையை அவனிடம் சொன்னேன். எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. திரையில் தெரியாத ஓசை யாருடையது என்று பார்ப்பவருக்கு முன்கூட்டிச் சொல்லிவிடக் கூடாது. வெறும் [காலடி ஓசை]தான், யாருடைய காலடி என்று எழுதினால் கதை கெட்டுவிடும். அதனால் அந்த இடத்தில் [லிஃப்ட் மேலேறும் ஓசை] என்று போடுவதுதான் முறை. நானும் நோட்டில் அப்படித்தான் எழுதியிருந்தேன். ஆனால் படுக்கையில் இருக்கும் அந்தப் பையனுக்கு அது லிஃப்ட் ஓசையாகவா கேட்டிருக்கும்? அவனுக்குத் தெரிந்ததை மறைத்துவிட்டு, நமக்குக் கேட்டதை மட்டும் எழுதுவது எப்படிச் சரியாகும்? இரண்டு வாரமாக இதையே அடித்தும் எழுதியும் பார்த்துக்கொண்டிருக்கிறேன், யாரும் என்னிடம் கேட்காத ஒரு படத்துக்கு.

தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. லைனில் இருக்கிறானா என்று பார்த்தேன்.

"எத்தனை எழுத்து போடலாம் அந்த இடத்துல?"

"இடம் இருக்கு. வசனமே இல்லையே."

"நானா இருந்தா லிஃப்ட், ஓசை எல்லாம் போடமாட்டேன்கா," என்றான். "அடைப்புக்குள்ள 'அவர்'னு மட்டும் போட்டிருப்பேன்."